கடலுக்கும் காவலூருக்கும் நடுவே

திருவண்ணாமலைக்குப் போகாத தமிழர்கள் சிலர்தான் இருப்பார்கள். ஆனால் அங்கிருந்து செஞ்சிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் கீழ்பென்னாத்தூரில் இறங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், கை தூக்குகிறவர்கள் குறைவு. ஊர்க்காரர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது!

"இறங்கிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?" என்றுதானே கேட்கிறீர்கள்? ஏரி இருக்கிறது. நெல் வயல் இருக்கிறது. கரும்பு இருக்கிறது. வேர்க்கடலை இருக்கிறது, ஆனால் 'வேர்க்கடலை' என்று கேட்டால் உங்களை வெளியூர்க்காரர் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் அதற்கு 'மல்லாட்டை' என்று பெயர். மேற்கே திரும்பினால் அண்ணாமலையார் மலை கம்பீரமாக நிற்கிறது. கார்த்திகை தீபத்தன்று மாலை அந்த 2,668 அடி உயரத்தில் ஏற்றும் ஜோதியைக் காண, இங்கேயும் ஜனங்கள் மாடியிலும் வரப்பிலும் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

அடியும் முடியும் காணாத ஒளி என்று புராணம் புகழ்கிற இடம் அது. அடியும் முடியும் காணாத ஓர் இருட்டைப் பற்றி இந்த மலையைப் பார்த்தபடியே பேசலாம் என்று உங்களை அழைக்கிறேன். ஆகாயத்தின் ஆழத்தில், சூரியனைப் போன்ற ஒரு முழு நட்சத்திரத்தைக் கருந்துளை என்னும் பூதம் நார் நாராகக் கிழித்துவிடுகிறது. அந்த பயங்கரக் காட்சியை மனிதர்கள் கண்டுபிடித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டாம். கீழ்பென்னாத்தூர் வழியே போகும் சாலையில் கிழக்கே கொஞ்சம், மேற்கே கொஞ்சம் பிரயாணம் செய்தால் போதும்.

கிழக்கே ஒரு பாடம்

முதலில் கிழக்கே போவோம். செஞ்சிக் கோட்டையைத் தாண்டி, திண்டிவனத்தைத் தாண்டி, அப்படியே போனால் மரக்காணம். மொத்தமே 100 கிலோமீட்டருக்குள்தான். வெள்ளை வெளேரென்ற உப்பளங்கள். அப்பால் வங்காள விரிகுடா.

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் எப்படிப்பட்ட கூட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் பாதையும் மனிதத் தலைகளாகவே இருக்கும். அதே பௌர்ணமியன்று மரக்காணத்துக் கடலும் சும்மா இருப்பதில்லை. மற்ற நாட்களைவிட அன்று கடல் கூடுதலாக ஏறும், கூடுதலாக வற்றும். இதைத்தான் நம் முன்னோர்கள் 'ஓதம்' என்றார்கள்.

காரணம் என்ன? சந்திரன் பூமியை இழுக்கிறது. ஆனால் எல்லா இடத்தையும் ஒரே பலத்துடன் இழுப்பதில்லை. தன்னை நோக்கிய பக்கத்தைக் கொஞ்சம் அதிகமாகவும், பூமியின் நடுவை அதைவிடக் குறைவாகவும், மறுபக்கத்தை இன்னும் குறைவாகவும் இழுக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வினால் பூமி இருபுறமும் இழுபட்டு நீளப் பார்க்கிறது. பாறை அவ்வளவாக அசைந்து கொடுக்காது. தண்ணீர் அசைந்து கொடுக்கிறது. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியனும் ஒத்தாசைக்கு வந்துவிடுவதால் கடல் அதிகமாகப் பொங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தூரம் பாதியானால் இந்த இழுபறி இரண்டு மடங்கு ஆகாது. எட்டு மடங்கு ஆகும்! சந்திரன் நம்மிடமிருந்து சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் ஏதோ கடல் ஏறி இறங்குவதோடு பிழைத்தோம். இழுக்கிற ஆசாமி இன்னும் பெரியவனாகவும், இன்னும் கிட்டத்திலும் இருந்தால் என்ன ஆகும்?

வியாழன் கிரகம் அதைச் செய்து காட்டியது. 1992-ல் ஷூமேக்கர்-லெவி என்னும் வால்நட்சத்திரம் வியாழனுக்கு மிக அருகே போய், சுமார் இருபது துண்டுகளாகச் சிதறிற்று. 1994 ஜூலையில் அந்தத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வியாழன் மீதே போய் விழுந்ததை உலகமே பார்த்தது. மரக்காணத்தில் அலையைப் பொங்க வைக்கும் அதே விசைதான் அந்த வால்நட்சத்திரத்தையும் உடைத்தது.

பாகு கம்பியாகும் கதை

இப்போது வியாழனை விட்டுவிட்டு, அசல் பூதத்துக்கு வருவோம்.

பெரிய நட்சத்திர மண்டலங்களின் நடுவே பெரும்பாலும் ஒரு கருந்துளை குடியிருக்கிறது. பத்து லட்சம் சூரியன்களின் எடை கொண்டதும் உண்டு. நூறு கோடி சூரியன்களின் எடை கொண்டதும் உண்டு. பிடியில் சிக்கிய ஒளியைக்கூட வெளியே விடாத கஞ்சன் அது. பத்து லட்சம் சூரிய எடையுள்ள ஒரு கருந்துளையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் வழி தவறி அதன் பக்கம் வருகிறது. ஏழு கோடி கிலோமீட்டர் தூரம் வரும் வரையில் ஆபத்து இல்லை. அந்த எல்லையைத் தாண்டிவிட்டதோ, தொலைந்தது! நட்சத்திரத்தைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது அதன் சொந்த ஈர்ப்பு. அதைவிடக் கருந்துளையின் இழுபறி அதிகமாகிவிடுகிறது. கட்டு அவிழ்கிறது.

அதிரசத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சும்போது பதம் பார்ப்பதற்காக இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து இழுப்பீர்களே, கம்பி போல் நீளுமே, அதே மாதிரி நட்சத்திரமும் நீண்டு நூலாகிவிடுகிறது. அந்த நூலில் ஏறத்தாழப் பாதி, தப்பினோம் பிழைத்தோம் என்று வெளியே வீசி எறியப்பட்டுப் போய்விடும். மற்றப் பாதி திரும்பி வந்து கருந்துளையைச் சுற்றிக்கொள்ளும். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் நெரிசல் ஏற்படுவதுபோல, சுற்றுகிற வாயு ஒன்றோடொன்று முட்டி மோதி உராய்ந்து சூடேறுகிறது. அந்தச் சூட்டில் கிளம்புகிற வெளிச்சம் ஒரு நட்சத்திர மண்டலத்தின் வெளிச்சத்தோடு போட்டி போடும்.

"கருந்துளையிலிருந்துதான் ஒளியே வராது என்றீரே?" என்று நீங்கள் மடக்கலாம். வாஸ்தவம். உள்ளே போய்விட்டால் வராது. நாம் காண்பது வாசலில் நடக்கிற நெரிசலை!

பூதம் மிகவும் பெரியதாக இருந்துவிட்டால் இந்தக் காட்சியே கிடையாது என்பது ஒரு வேடிக்கை. பத்துக் கோடி சூரிய எடைக்கு மேற்பட்ட கருந்துளைகள் பெரும்பாலும் சூரியனைப் போன்ற நட்சத்திரத்தைக் கிழிக்காமல் அப்படியே விழுங்கிவிடும். சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

1975-ல் ஜாக் ஹில்ஸ் என்ற விஞ்ஞானி இப்படி நட்சத்திரங்கள் சிதையலாம் என்பதைக் கணக்கிட்டு எழுதினார். 1988-ல் இங்கிலாந்தின் மார்ட்டின் ரீஸ், அந்த வெளிச்சம் எப்படித் தோன்றும், எப்படி மங்கும் என்று விவரித்தார். அவர் கணக்குப்படி, நட்சத்திரம் கிழிந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு போனால், நாட்கள் இரட்டிப்பாகும்போது வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். கைரேகையைக் கொண்டு திருடனைப் பிடிப்பதுபோல, இந்த மங்கும் விதத்தைக் கொண்டே பல சம்பவங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

ஒரு நட்சத்திர மண்டலத்தில் இப்படி ஒரு சம்பவம் பத்தாயிரம் வருஷத்துக்கோ, ஒரு லட்சம் வருஷத்துக்கோ ஒரு முறைதான் நிகழும். ஒற்றைப் பனை மரத்தடியில் பழம் விழுமென்று காத்திருந்தால் தலை நரைத்துவிடும். தோப்பு முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தால் தினம் ஒன்று பொத்தென்று விழும். ஆகையால் லட்சக்கணக்கான மண்டலங்களை இரவு தவறாமல் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. காவல் வேண்டியிருக்கிறது. காவல் என்றதும் நாம் மேற்கே போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மேற்கே ஒரு காவல்

திருவண்ணாமலையிலிருந்து போளூர் போய், மலைப்பாதையில் ஏறினால் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூரில் பஸ் நின்றதும் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். பலா, புளி, தேன், சாமை என்று மலைவாசிகளின் சரக்குகள் கண்ணில் படும். பீமன் நீர்வீழ்ச்சிக்குப் போகிறவர்கள் இங்கேயே தங்கிவிடுவார்கள். நாம் இன்னும் கொஞ்ச தூரம் காட்டுச் சாலையில் போவோம். மரங்களுக்கு நடுவே பெரிய வெள்ளைக் கவிகை ஒன்று திடீரென்று தலை நீட்டும். அதுதான் காவலூர். கீழ்பென்னாத்தூரிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் அறுபது கிலோமீட்டர்கூட இராது.

பெயரைக் கவனித்தீர்களா? காவல் ஊர்! ஆகாயத்துக்குக் காவல் போட இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

1792-ல் சென்னையில் வானிலையம் அமைத்த காலத்திலிருந்து வருகிற பரம்பரை இது. அது 1899-ல் கொடைக்கானலுக்குப் போனது. அங்கே சூரியனைப் பார்ப்பதே முக்கிய வேலை. இரவு வானத்தைப் பார்க்க நல்ல இடம் வேண்டுமென்று தேடியவர், 1927-ல் சென்னையில் பிறந்த வேணு பாப்பு. பல இடங்களைச் சோதித்துவிட்டு, கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் வேலை ஆரம்பமாயிற்று. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டறிந்தபோது காவலூருக்கும் அதில் பங்கு இருந்தது. 1988-ல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறு கோளுக்குக் கணித மேதை இராமானுஜன் பெயரைச் சூட்டினார்கள்.

இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி பாப்புவின் கனவு. அது வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்பே, 1982-ல் அவர் காலமாகிவிட்டார். 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி வந்து, நிலையத்துக்கும் தொலைநோக்கிக்கும் வேணு பாப்புவின் பெயரையே சூட்டினார்.

சனிக்கிழமைகளில் பொதுமக்களையும் பார்க்க அனுமதிக்கிறார்கள். புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் போனால் மேகத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

இந்த நிலையத்தை நடத்துவது பெங்களூரில் தலைமையகம் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அங்கே ஆராய்ச்சி செய்த டி. மகேஷ்வரனும் அருண் மங்கலமும், நட்சத்திரங்கள் இவ்விதம் எவ்வளவு அடிக்கடி சிதையும், அந்த வெளிச்சம் எப்படி அமையும் என்று கணக்கிட்டு 2015-ல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் என்னும் இந்தியச் செயற்கைக்கோள் கிளம்பிற்று. அதிலுள்ள புற ஊதாக் கதிர்த் தொலைநோக்கியை உருவாக்குவதில் முன்னின்றது இந்த நிறுவனமே. ஆகாயத்தில் போட்ட காவல் என்று அதைச் சொல்லலாம்.

கண்ணில் பட்ட கொலை

2019 செப்டம்பரில் நடந்ததைக் கேளுங்கள். தென்வானில் எரிடானஸ் என்று ஒரு நட்சத்திரக் கூட்டம். அந்தத் திசையில் 21.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஒரு மண்டலத்தின் நடுவே புதிய வெளிச்சம் தெரிந்தது. அதற்கு 'ஏ.டி. 2019 கியூ.ஐ.இஸட்' என்று பெயர் வைத்தார்கள். சூரியனைப் போன்ற எடையுள்ள ஒரு நட்சத்திரம், பத்து லட்சம் சூரியன்களுக்கு மேற்பட்ட எடையுள்ள கருந்துளையிடம் சிக்கித் தன்னில் பாதியைப் பறிகொடுத்தது என்று முடிவு கட்டினார்கள். சில மாதங்களில் வெளிச்சம் மங்கிவிட்டது. கேஸை மூடிவிடலாம் போலிருந்தது.

நான்கு வருஷம் கழித்து, 2023-ல் அமெரிக்காவின் சந்திரா என்னும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அந்தப் பக்கம் மறுபடி பார்த்தது. அது நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. லாகூரில் 1910-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு பெற்ற அதே சந்திரசேகர். என்ன ஆச்சரியம்! மங்கிப்போன இடத்திலிருந்து எக்ஸ் கதிர்கள் குபீர் குபீரென்று கிளம்பிக்கொண்டிருந்தன. வேறு பல தொலைநோக்கிகளுடன் நம் ஆஸ்ட்ரோசாட்டும் சேர்ந்து கவனித்தது. ஏறத்தாழ 48 மணிக்கு ஒரு தடவை அந்த வெடிப்பு நிகழ்வது தெரிந்தது. 2024 அக்டோபரில் விளக்கம் வெளியாயிற்று. கிழிந்த நட்சத்திரத்தின் மிச்சம் ஒரு வட்டத் தட்டைப் போலப் பரவிக் கருந்துளையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே அங்கே வலம் வந்துகொண்டிருந்த இன்னொரு நட்சத்திரமோ, சிறிய கருந்துளையோ, முறை வைத்துக்கொண்டு அந்தத் தட்டைத் துளைத்துப் போகிறது!

இன்னொரு சம்பவம் 2022 பிப்ரவரி 11-ஆம் தேதியன்று கலிபோர்னியாவில் கண்ணில் பட்டது. அதற்கு 'ஏ.டி. 2022 சி.எம்.சி.' என்று பெயர். வேலூர் ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். வரிசைக் கிரமத்தில் வந்த எழுத்துக்கள்தான். கிழிந்த நட்சத்திரத்தின் ஒரு பகுதி பீச்சாங்குழலிலிருந்து வருவதுபோல, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில், நம்மை நோக்கியே பாய்ந்திருக்கிறது. 850 கோடி ஆண்டுகள் பிரயாணம் செய்து அந்த ஒளி வந்து சேர்ந்தது. அது புறப்பட்டபோது பூமியே பிறக்கவில்லை.

இம்மாதிரி வெளிச்சத்துக்குப் பொறுமை கிடையாது. கலிபோர்னியாவில் பொழுது விடிந்துவிட்டால் யார் பார்ப்பது? அங்கே பகலாகும்போது இங்கே இரவு. லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லேயில், இதே நிறுவனமும் பம்பாய் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து நிறுவிய 70 சென்டிமீட்டர் தொலைநோக்கி அந்த வெளிச்சத்தைத் தொடர்ந்து அளந்தது. பூனா அருகே முப்பது ராட்சதக் கிண்ணங்களாக நிற்கும் ரேடியோத் தொலைநோக்கியும் கேட்டுப் பதிவு செய்தது. ஒருவர் தூங்கப் போகும்போது மற்றொருவர் விழித்துக்கொள்ளும் காவல் முறை இது.

டீக்கடைப் பெரியவரின் கேள்வி

இதையெல்லாம் கீழ்பென்னாத்தூர் டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தபோது, மல்லாட்டை மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "ஐயா, நம்ம சூரியனுக்கும் ஒரு நாளைக்கு இந்தக் கதி வந்துடுமா?" என்றார்.

"வராதுங்க, பெரியவரே. நம்ம பால்வீதி நடுவுலயும் ஒரு கருந்துளை இருக்கு. 43 லட்சம் சூரியன் எடை. ஆனா நாம இருக்கிற இடத்துலேருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கு. அதுகிட்ட பதினொரு கோடி கிலோமீட்டர் வரைக்கும் போனாதான் சூரியன் கிழியும். அதைப் பதினாறு வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தி வர்ற நட்சத்திரமே ஒண்ணு இருக்கு. 2018-ல கிட்டத்துல போய்ட்டு, சௌக்கியமாத் திரும்பிடுச்சு. கிட்டத்துலன்னா, 1,800 கோடி கிலோமீட்டர்!"

"எந்தப் பக்கம் இருக்குது அது?"

"தெக்கே. மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவுல."

பெரியவர் முகம் மாறிற்று. "மூலமா?" என்று மெல்லக் கேட்டார். "எம் பேத்தி மூலந்தாங்க. டீச்சருக்குப் படிச்சிருக்கா. வர்ற வரனெல்லாம் ஜாதகத்தைப் பாத்துட்டு எழுந்து போயிடறாங்க."

என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நான் சும்மா இருந்தேன். அவரே யோசித்தார். டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தப் பூதம் இப்ப எதையாச்சும் கிழிக்குதா?"

"இல்லைங்க. இப்ப அமைதியாத்தான் இருக்கு."

"43 லட்சம் சூரியன் எடை இருக்கிற பூதமே அங்க சும்மா கெடக்குது. எம் பேத்தி யாரை என்ன பண்ணிடப் போறா?"

பெஞ்சியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. அடுத்த வரன் வீட்டாரிடம் சொல்வதற்கு ஒரு வாதம் கிடைத்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. நீங்களும் எங்காவது பெண் பார்க்கப் போகிறவர்களாக இருந்தால், இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மூல நட்சத்திரம் தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது. நம் வீட்டு மாமனாரின் ஆயுளைப் பற்றி அதற்கு எந்தத் தகவலும் கிடையாது.

நீங்கள் பார்க்க வேண்டுமா?

கருந்துளையைக் கண்ணால் பார்க்க முடியாது. அது இருக்கும் திசையைப் பார்க்கலாம். ஆடி, ஆவணி மாதங்களில், அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், வானம் தெளிவாக இருக்கும்போது ஒன்பது மணி சுமாருக்கு ஏரிக்கரைக்குப் போங்கள். தெற்கே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் தேளைப் போல வளைந்த விருச்சிகம் தெரியும். அதன் கொடுக்குதான் மூலம். அதற்குச் சற்றுக் கிழக்கே தனுசு. அங்கே பால் கொட்டினாற்போல் பால்வீதி அகன்று தெரிந்தால், நம் மண்டலத்தின் நடுவைத்தான் பார்க்கிறீர்கள்.

தெரியவில்லையென்றால் கண்ணைக் குறை சொல்ல வேண்டாம். தெரு விளக்கைப் பாருங்கள். அதன் வெளிச்சம் கீழே சாலையில் விழுகிறதா, மேலே ஆகாயத்தில் கொட்டி வீணாகிறதா? 850 கோடி ஆண்டுகள் பிரயாணம் செய்து வந்த ஒளியைக்கூட, வேண்டாத விளக்குகள் கடைசி நொடியில் மறைத்துவிடும். ஹான்லேயைச் சுற்றி 2022-ல் இருண்ட வான் காப்பகம் அமைத்து, விளக்குகளுக்குத் திரை போட்டிருக்கிறார்கள். கீழ்பென்னாத்தூரில் யாரும் அப்படிக் கட்டளை போடவில்லை. ஆனால் இரவில் வாசல் விளக்கைத் தேவையில்லாதபோது அணைக்கவோ, அதன்மேல் ஒரு மூடி போடவோ யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

அடுத்த தடவை அண்ணாமலையாரைத் தரிசிக்க வரும்போது, ஊர் திரும்பும் அவசரத்தை ஒரு நாள் தள்ளி வையுங்கள். மேற்கே காவலூருக்குப் போனாலும் சரி, கிழக்கே மரக்காணத்துக்குப் போனாலும் சரி, வழியில் கொறிக்கக் கொஞ்சம் வறுத்த மல்லாட்டை வாங்கிக்கொள்ளுங்கள். காவலூர் என்றால் ஒரு கம்பளியும் அவசியம். ராத்திரி மலைக்குளிர் லேசுப்பட்டதல்ல.